குளித்துவிட்டு வந்தவள்

ஒரு வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகக் குளிப்பவள் மீது மட்டும் ஏன் நாற்றம் அடிக்க வேண்டும்? இதற்கு இரண்டு பதில்கள் இருக்க முடியும். அவள் குளிப்பதாகப் பொய் சொல்கிறாள் என்பது ஒன்று. குளிப்பதைப் பற்றி நாம் தெரிந்துவைத்திருப்பதில் எங்கோ பிழை இருக்கிறது என்பது மற்றொன்று. அந்த வீட்டில் இருந்தவர்கள் முதல் பதிலை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் சுலபம். அதை எடுத்துக்கொண்டால் யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை, அவளைத் திட்டினால் போதும்.

அவள் சோப்புத் தொழிற்சாலையில் வெட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். துணி துவைக்கும் பார் சோப்பு. இறுகிய பாளத்தைக் கம்பி கட்டிய சட்டத்துக்குள் தள்ளினால் மறுபக்கம் பார்களாக வந்து விழும். ஓரத்தில் சிதையும் துண்டுகளைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்தத் துண்டுகளுக்கு அங்கே தனி மரியாதை. கடைக்குப் போகும் பார்கள் அடுக்கில் கிடந்து வாரக்கணக்கில் ஆறும். துண்டுகள் அன்றைக்கே வெட்டியவை, காரம் தணியாதவை. நாக்கு நுனியில் வைத்தால் சுரீர் என்று இழுக்கும். எந்த அழுக்கும் அதன் முன்னால் நிற்காது என்று அந்தக் கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள். கிரீஸைப் பொறுத்தவரை அது உண்மை. அவள் கணவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவனுடைய காக்கி உடுப்பை அந்தத் துண்டுகள்தான் வெளுத்தன. அவன் உடம்பில் எப்போதும் டீசல் வாடை இருந்தது. அதை யாரும் நாற்றம் என்று சொன்னதில்லை. உழைக்கிற ஆம்பளை என்றார்கள்.

அவள் மீது வாடை வரத் தொடங்கியது மகள் பிறந்த பிறகு. மீன் கெட்டுப்போனால் எழும் வாடை. தொழிற்சாலையில் சோப்புக்குச் சேர்க்கும் வாசனை எண்ணெய் எல்லாவற்றையும் மூடிவிடும், அதனால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் தெரிந்தது. அவளுக்கு மட்டும் எங்கேயும் தெரியவில்லை. சொந்த வாடை மூக்குக்குப் பழகிவிடும். ஒரு மனிதரை எதற்காக ஒதுக்குகிறார்களோ அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பதைப்போலக் கொடுமை வேறில்லை.

முதலில் வாயைத் திறந்தது கணவனின் அக்கா. புருஷனை இழந்தபின் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவள். அந்த வீட்டின் சாவியும் சமையலறையும் அவள் கைக்குப் போயிருந்தன.

சாப்பாட்டு நேரத்தில்தான் சொன்னாள். "எந்திரிச்சுப் போய்க் குளிச்சுட்டு வந்து உட்காரு."

"குளிச்சுட்டுத்தான் அண்ணி வந்தேன்."

"உடம்புக்குத் தண்ணியக் காட்டிட்டு வந்தா அது குளியலா?"

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போய்க் குளிச்சுட்டுத்தான் வாயேன். குளிச்சா என்ன கரைஞ்சா போயிடுவ?"

அவள் எழுந்து போய்க் குளித்தாள். சோப்புத் துண்டால் கழுத்து, அக்குள், முதுகு எல்லாம் தேய்த்துத் தோல் எரிய எரியக் குளித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது வாடை முன்பைவிடக் கூடியிருந்தது. நாத்தனார் ஒன்றும் பேசாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். பேசியிருந்தால்கூடத் தேவலை.

அதன்பின் அதுவே வழக்கமானது. நாத்தனார் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்பாள். சத்தம் நின்றால், "என்ன, முடிஞ்சுதா? இன்னும் ரெண்டு சொம்பு ஊத்து" என்பாள். உள்ளே இருப்பவள் இன்னும் கொஞ்சம் சோப்பு போடுவாள். வாடை இன்னும் கொஞ்சம் கூடும். எவ்வளவு தேய்த்தாளோ அவ்வளவு அழுக்குக்காரியானாள். முழங்கை மடிப்பில் தோல் வெடித்தது. அந்த வெடிப்பைக் காட்டி, "இவ்வளவு தேய்க்கிறேன், பாருங்க" என்றாள். "தேய்க்கத் தெரியல" என்றாள் நாத்தனார்.

மகள் நடக்கவும் பேசவும் தொடங்கி, பள்ளிக்கூடம் போகும் வயதும் வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அந்தக் குழந்தை தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு மூக்கு இருந்தது, நியாயம் தெரியவில்லை. மற்றவர்களுக்கு இரண்டும் இருந்தன.

டாக்டரிடமும் போனார்கள். முதல் டாக்டர் பருத்தி உடுத்தச் சொன்னார், நன்றாகச் சோப்பு போட்டுக் குளிக்கச் சொன்னார். இரண்டாவது டாக்டர் மேஜைக்கு அந்தப்பக்கம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"உங்களுக்கு அந்த வாடை தெரியுதாம்மா?"

"எனக்குத் தெரியல."

"உங்களுக்கே தெரியலன்னா அப்புறம் என்ன? மனசுதான். தூங்குறதுக்கு மாத்திரை எழுதறேன்."

நாற்காலியை ஏன் தள்ளிப் போட்டார் என்று அவள் கேட்கவில்லை. பின்னாட்களில் மற்ற எதையும்விட அப்போது கேட்காமல் விட்டதை நினைத்துத்தான் அதிகம் பல்லைக் கடித்தாள்.

தொழிற்சாலையில் வெட்டுவதற்கு இயந்திரம் வந்தது. அவளைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே வாசனை எண்ணெய் கிடையாது, காகிதம்தான். ஒரு மாதத்துக்குள் நாளை முதல் வர வேண்டாம் என்றார்கள். சோப்புக் கம்பெனியிலிருந்து சுத்தமில்லை என்று அனுப்பப்பட்டவள் என்ற பேர் அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. நாத்தனார் அதைச் சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதை அவள் துணி உலர்த்தும் இடத்தில் நின்று கேட்டாள். அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். மகளைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் இங்கிருந்துதான் பக்கம் என்று நாத்தனார் குறுக்கே வந்தாள். மகள் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் நின்றாள். கணவன் வாசல்வரை வந்து, "கோபம் தணிஞ்சதும் வா" என்றான். அந்த வீட்டில் தணிய வேண்டியது அவள் கோபம் மட்டும்தான்போல.

துறைமுகத்தின் பின்பக்கம் மீன் வெட்டும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே வேலைக்குப் போனதற்குக் காரணம் எளிது. எல்லோரும் நாறும் இடத்தில் ஒருத்தியைத் தனியாகக் காட்ட முடியாது. நீளமான தகர மேஜைகள், காலடியில் எப்போதும் ஓடும் தண்ணீர், ரப்பர் பூட்ஸ், விரைத்துப்போன விரல்கள். வாசல் பக்கத்தில் ஒரு நீல டிரம். அதில் தண்ணீரும் வினிகரும் கலந்திருக்கும். புளிப்புத் தண்ணி என்பார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது எல்லாப் பெண்களும் முழங்கைவரை அதில் முக்கி, ஒரு கை அள்ளிக் கழுத்தில் விட்டுக்கொண்டு, குழாயில் கழுவிவிட்டுப் போவார்கள். சோப்பை அதற்குப் பிறகு வீட்டில்தான் தொடுவார்கள்.

முதல் நாள் அவள் பையிலிருந்து பார் சோப்பை எடுத்தாள். மேஜையே சிரித்தது.

"அடியே, யாரு இவ, சோப்போட வந்திருக்கா? சோப்பு போட்டா மீனு உன்கூடவே பஸ் ஏறும்டி."

"சோப்புக்கு மிஞ்சின சுத்தம் உண்டா? நான் சோப்புக் கம்பெனியில இருந்தவ."

"அப்ப நீ சோப்புக்காரி. போட்டுக்க, போட்டுக்க. எங்க மூக்கு எப்பவோ செத்துப்போச்சு."

அன்றுமுதல் அங்கே அவள் பெயர் சோப்புக்காரி. அந்தப் பெண்கள் செய்வதைப் பார்த்து அவள் கற்றுக்கொண்டிருக்கலாம். கற்றுக்கொள்ளவில்லை. சுத்தம் என்றால் நுரை வர வேண்டும், எரிய வேண்டும் என்பது அவளுக்குள் ஊறியிருந்தது. அவளைப் பொறுமைசாலி என்றோ நல்ல மனசுக்காரி என்றோ எழுத நான் வரவில்லை. புதிதாக வந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "காலையில குளிச்சுட்டு வந்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள் அவள். கேட்ட பிறகு தன் வாயிலிருந்து வந்தது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒருநாள் மாலை குழாயில் தண்ணீர் நின்றுபோனது. சோப்பு போட்டால் அலச வழியில்லை. டிரம்மில் இருந்ததை வாளியில் மொண்டு, குளிக்கும் தடுப்புக்குள் போய், வேண்டாவெறுப்பாகத் தலைமுதல் கால்வரை ஊற்றிக்கொண்டாள். வெடித்த தோல் எரிந்தது. கண்டபடி திட்டிக்கொண்டே துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். யாராவது உட்கார்ந்தாலும் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அன்று ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தம் போனது. அதற்கடுத்ததும் போனது. நர்ஸ் எழவில்லை. வேலைக் களைப்பில் கண் சொருகி, சோப்புக்காரியின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். மகள் பால்குடி மறந்த பிறகு அந்தத் தோளில் சாய்ந்த முதல் தலை அது. இறங்க வேண்டிய இடம் வந்தது. அவள் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய் நடந்தே திரும்பி வந்தாள்.

மறுநாள் கொட்டகையின் பரிசோதனை அறைக் கதவைத் தட்டினாள். மீன் கெட்டிருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு பட்டதாரிப் பெண் இருந்தாள். லேப்காரி என்பார்கள். அதிகம் பேசாதவள். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு மீன் துண்டை அமிலம் விட்டு அரைத்து வடிகட்டி, தெளிந்த நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் நீட்டினாள்.

"மோந்து பாருங்கக்கா."

"ஒண்ணும் இல்லையே."

லேப்காரி அதில் காரக் கரைசலைச் சில துளி விட்டு மறுபடி நீட்டினாள். சோப்புக்காரி பின்னால் சாய்ந்தாள். கொட்டகை முழுவதும் சேர்ந்து அந்தக் குழாயின் வாயில் வந்து உட்கார்ந்ததைப்போல இருந்தது.

"இதுக்குப் பேரு அமீன். உங்க உடம்புல இருந்து வர்றதும் இதேதான்னு நெனைக்கிறேன். சாப்பாட்டுல இருந்து எல்லார் வயித்துலயும் உண்டாகும். எங்களுக்கு ஈரல் அதை வாடை இல்லாததா மாத்திடும். சிலர் உடம்பு மாத்தாது. வேர்வையில வெளிய வரும்."

சோப்புக்காரி அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதான் நானா?"

"நீங்க இல்லக்கா. இது அமீன்."

இந்தக் குழாயில் நடந்ததைச் சொல்லாமல் அவள் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. அம்மோனியாவில் ஒரு நைட்ரஜனைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன்கள் இருக்கும். அவற்றில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ எடுத்துவிட்டுக் கரிமத் தொகுதிகளை வைத்தால் அது அமீன். நைட்ரஜனிடம் யாருடனும் பகிர்ந்துகொள்ளாத ஓர் எலக்ட்ரான் ஜோடி மிஞ்சியிருக்கிறது. தண்ணீரின் ஹைட்ரஜன் அந்த ஜோடியைப் பார்த்து ஈர்க்கப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. அதனால் சிறிய அமீன்கள் தண்ணீரில் எளிதாகக் கரைகின்றன. கரிம வால் நீண்டால் எண்ணெய்க் குணம் கூடிவிடும், அப்போது தண்ணீரின் பிடி போதாது. ஆனால் தண்ணீரில் கரைவது வேறு, தண்ணீரிலேயே தங்குவது வேறு. இந்த ஒட்டு தளர்வானது. கரைந்த அமீன் பிடியை விட்டுக் காற்றில் ஏறி மூக்குக்கு வந்துவிடும்.

அமிலம் அப்படி விடாது. அது தன் ஹைட்ரஜன் அயனியை அமீனுக்கே கொடுத்துவிடுகிறது. நைட்ரஜன் தன்னிடம் இருந்த ஜோடியால் அதைப் பிடித்துக்கொண்டு மின்னேற்றம் பெற்று உப்பாகிவிடுகிறது. மின்னேற்றம் உள்ளதைத் தண்ணீர் நாலாபக்கமும் சூழ்ந்து இறுக்கிக்கொள்ளும். அதனால் தண்ணீரில் கரைய மறுக்கும் பெரிய அமீன்கள்கூட அமிலத்தில் கரைந்துவிடும். உப்பு காற்றில் ஏறாது. மூக்கு ஒன்றையும் அறியாது. அலசினால் தண்ணீரோடு போய்விடும். காரம் இதற்கு நேர்மாறு. கொடுத்த ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு அமீனைப் பழையபடி வெளியே விட்டுவிடும். அமிலத்தில் வாடை அழிந்துபோகவில்லை, கட்டுண்டு கிடந்தது, அவ்வளவுதான். பார் சோப்பு காரம். ஆறாத துண்டு இன்னும் கடுமையான காரம். நல்ல தோலுக்கு இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பு உண்டு. அந்தச் சிறு காவலையும் அவள் தினமும் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் குளிக்கக் குளிக்க..."

"கூடியிருக்கும்."

"இதெல்லாம் எங்க சொல்லித் தர்றாங்க? வெளிநாட்டுலயா?"

"இல்லக்கா. பன்னெண்டாம் வகுப்புப் பாடம்."

"அந்த டாக்டருங்க பன்னெண்டாம் வகுப்பு படிச்சிருப்பாங்களா?"

லேப்காரி தரையைப் பார்த்தாள். "படிச்சிருப்பாங்க."

சோப்புக்காரி அன்று அழவில்லை. வெட்டும் மேஜைக்குப் போய் மீன் தலைகளை வெட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார்கள். வாடைக்காக அல்ல, கத்திக்காக.

லேப்காரி எழுதிக் கொடுத்த சீட்டோடு பெரிய மருத்துவமனைக்குப் போனாள். சிறுநீரைச் சோதித்து அதுதான் என்றார்கள். முட்டை, ஈரல், கடல்மீன் வேண்டாம் என்றார்கள். புளிப்புத் தன்மை உள்ள சோப்பு உண்டு, கிடைக்காவிட்டால் வினிகர் கலந்த தண்ணீர் போதும் என்றார்கள். முழுவதும் போகாது, பெருமளவு அடங்கும் என்றார்கள். அடங்கியது. மீன் வெட்டிவிட்டு வருபவள், சோப்பு வெட்டிய காலத்தில் இல்லாத சுத்தத்தோடு வீதியில் நடந்தாள்.

இந்தச் செய்தி எப்படியோ வீட்டுக்குப் போயிற்று. இதற்குள் மகள் வளர்ந்து ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாத்தனாருக்கு முழங்கால் வீங்கி நடமாட்டம் குறைந்துவிட்டது. சமையலறையில் ஓர் ஆள் தேவைப்பட்டது. கணவனும் நாத்தனாரும் ஆட்டோ பிடித்து அவள் வாடகைக்கு இருந்த அறைக்கு வந்தார்கள், மகளும் கூட வந்தாள். நாத்தனார் நெருங்கி வந்து, குழந்தையை முகர்வதைப்போல அவள் கழுத்துக்குப் பக்கத்தில் மூச்சை இழுத்தாள். முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் ஒழுங்கா குளிக்கக் கத்துக்கிட்டிருக்கா."

சோப்புக்காரி அமீனைப் பற்றிச் சொன்னாள். ஈரலைப் பற்றி, காரத்தைப் பற்றி, கண்ணாடிக் குழாயைப் பற்றிச் சொன்னாள். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. நாத்தனார், "அதான் நானும் சொல்றேன், அப்ப சரியா குளிக்கல, இப்ப சரியா குளிக்கிற" என்றாள்.

"அண்ணி, நான் அப்பவும் குளிச்சேன்."

"சரி விடு."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. நான் வீட்டுக்கு வர்றேன், சமைக்கிறேன், அண்ணி கால அமுக்கிவிடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. 'நீ அப்பவும் குளிச்சுட்டுத்தான் வந்த'ன்னு சொல்லுங்க. போதும்."

"போனத எதுக்குக் கிளறிக்கிட்டு? எப்படியோ வாடை போச்சுல்ல."

"சொல்ல முடியாதா?"

"சொன்னா மட்டும் என்ன ஆயிடப் போகுது?"

கொடுக்க ஒரு வாக்கியம்தான். அதற்கு ஒரு காசும் செலவில்லை. மனிதர்கள் தாங்கள் செய்த பிழையை ஒப்புக்கொள்வதைவிட அதற்குப் பலியானவரைத் திருந்திவிட்டதாக வாழ்த்துவதையே விரும்புகிறார்கள். மகள் அப்போது தன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கிளம்பும்போது நாத்தனார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு உறவுக்காரர்களை அழைத்திருப்பதாகச் சொன்னாள். எல்லோருக்கும் ஏற்கெனவே போன் போட்டு, "சுத்தமாயிட்டா, வந்து நீங்களே பாருங்க" என்று சொல்லியும் இருந்தாள். சாப்பாடு முடிந்ததும் அவள் அங்கேயே தங்கிவிடுவது என்று ஏற்பாடு. அதைக் கேட்டுச் சோப்புக்காரி, "வர்றேன்" என்றாள். கோபம் தணிந்துவிட்டது என்று கணவன் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நல்ல புடவை கட்டி, தலை வாரி, கூடத்தின் நடுவில் மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தாள். வாடை அவள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழுந்தது. பழைய வாடைதான், குறைவில்லாமல். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். கணவனின் சித்தப்பா கைக்குட்டையை எடுத்தார். நாத்தனார் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்தாள். போய்க் குளித்துவிட்டு வா என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் சொல்ல முடியவில்லை. சோப்புக்காரி பரிமாறியதை எல்லாம் நிதானமாகச் சாப்பிட்டாள். வைக்கப்பட்டிருந்த முட்டையையும் விடவில்லை, இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கணவன் மட்டும் குனிந்து தணிந்த குரலில் கேட்டான். "என்ன இது? குளிக்கலையா?"

"குளிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள் அவள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. கை கழுவிக்கொண்டு, எல்லோரிடமும் முறையாகச் சொல்லிக்கொண்டு, தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

மாலையில் மகள் அவள் அறைக்குப் போனாள். அம்மா மறுநாள் வேலைக்குப் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் வினிகர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. அதன் பக்கத்தில் ஆறாத பார் சோப்பின் துண்டு ஒன்று, காலையில் தேய்த்த ஈரம் அடியில் இன்னும் உலராமல் கிடந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் பழைய தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டு வாங்கினால்தான் அப்படிப்பட்ட துண்டு கிடைக்கும்.

"ஏம்மா?" என்று மகள் கேட்டாள்.

அம்மா பூட்ஸைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தாள்.